ஜனவரி 31-உடன் ஒரு மாதம்: நான்கு மாலைகளைத் தின்ற ஒரு கூட்டல்

"தம்பி, ஜனவரி கடைசில சேர்ந்த ஒருத்தருக்கு பிப்ரவரி தவணைக்கு சந்தா நினைவூட்டலே போகல. திரையில பார்த்தா அடுத்த தவணை மார்ச் 3-ன்னு இருக்கு. நடுவுல பிப்ரவரிய யாரு சாப்பிட்டா?"

2025 மார்ச் 4-ஆம் தேதி காலையில் வந்த அழைப்பு. பேசியது உறுப்பினர் சந்தாக்களைக் கவனித்துக்கொள்ளும் அக்கா. அவருக்காக இரண்டு வருடம் முன்பு நான் எழுதிக் கொடுத்த சின்ன வலைச் செயலி அது. சர்வரில் பிஎச்பி 8 என்ற நிரல்மொழி, பின்னால் தரவைச் சேமிக்கும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ், பிரவுசரில் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். உறுப்பினர்கள் 214 பேர். ஒவ்வொருவருக்கும் அடுத்த தவணைத் தேதியைக் கணக்கிட்டு, அதற்கு மூன்று நாள் முன்பு ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். மொத்த வேலையே இவ்வளவுதான்.

"அரை மணி நேரம்க்கா, மதியத்துக்குள்ள சரி பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டேன். கடைசியில் ஆனது நான்கு மாலைகள். ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்ததால் கணக்கு கையில் இருக்கிறது: 11 மணி நேரம். அதில் கோட் எழுதிய நேரம் ஒன்றரை மணிகூட இருக்காது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2023-இல் எழுதிய முதல் பதிப்பில் மாதம் என்பதை நான் 30 நாளாக வைத்திருந்தேன். 60 பெருக்கல் 60 பெருக்கல் 24 பெருக்கல் 30, அதாவது 25,92,000 விநாடி. கட்டணம் வந்ததும் பழைய தேதியோடு இந்த எண்ணைக் கூட்டினால் அடுத்த தவணை. சோதித்தபோது எல்லாம் சரியாகவே தெரிந்தது, ஏனென்றால் நான் சோதித்தது ஒரே ஒரு மாதத்தை. ஜனவரி 1 அன்று சேர்ந்தவருக்குப் பன்னிரண்டாவது தவணை டிசம்பர் 27-இல் வந்து நின்றபோதுதான் உறைத்தது: 12 பெருக்கல் 30 என்றால் 360. வருடத்துக்கு ஐந்து நாள் ஒவ்வொருவரிடமிருந்தும் பறித்துக்கொண்டிருந்தேன். அப்போது அந்த வரியை நீக்கிவிட்டு, பிஎச்பியின் ஸ்டர்டுடைம் ஃபங்ஷனிடம் ‘+1 மந்த்’ என்று வாக்கியமாகவே சொல்லிக் கூட்ட வைத்தேன். ஒரு வரி, படித்தாலே புரிகிறது. நல்ல வேலை செய்தோம் என்ற நிம்மதியில் அந்தக் கோப்பை மூடியவன்தான், அதன் பிறகு திறக்கவே இல்லை.

முதல் மாலை. பிழையை என் கணினியில் வரவழைக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. 2025 ஜனவரி 31-ஐக் கொடுத்து ‘+1 மந்த்’ சொன்னேன். மார்ச் 3 என்றது. பிஎச்பி இங்கே செய்வது மிக எளிமையான வேலை: மாத எண்ணில் ஒன்றைக் கூட்டுகிறது, நாள் எண்ணை அப்படியே வைக்கிறது. பிப்ரவரி 31 என்று வந்து நிற்கிறது. அப்படி ஒரு நாள் இல்லை, எனவே பிப்ரவரியின் 28 நாள் போக மிச்சமுள்ள மூன்றை மார்ச்சில் கொட்டுகிறது. 30-ஐக் கொடுத்தால் மார்ச் 2, 29-ஐக் கொடுத்தால் மார்ச் 1. டேட்இன்டர்வல் என்ற புதிய முறைக்கு மாறினால் சரியாகும் என்று நினைத்து அதையும் போட்டுப் பார்த்தேன். ஒரு மாத இடைவெளியை அதில் ‘பி1எம்’ என்று எழுத வேண்டும். விடை அதே மார்ச் 3. வாசல் வேறு, வீடு ஒன்றுதான்.

(இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. அவசரத்தில் ஒரு முறை ‘பிடி1எம்’ என்று அடித்துவிட்டேன். நடுவில் ஒரு ‘டி’ வந்தால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் நேரம் என்று பொருள். எம் என்பது மாதம் அல்ல, நிமிடம் ஆகிவிடும். சோதனை உறுப்பினருக்குச் சந்தா அடுத்த நிமிடமே முடிந்தது. பிழைச் செய்தி ஏதும் வராது. எழுத்துக்கூட்டல் சரி, அர்த்தம்தான் வேறு.)

அன்று நான் எழுதிய தீர்வு இது: கொடுத்த தேதி அந்த மாதத்தின் கடைசி நாள் என்றால், அடுத்த மாதத்தின் கடைசி நாளைக் கொடு; இல்லையென்றால் வழக்கம்போல ‘+1 மந்த்’. ஜனவரி 31-க்கு பிப்ரவரி 28 வந்தது, அதற்கு மார்ச் 31 வந்தது, பிறகு ஏப்ரல் 30. பார்க்க அழகாக இருந்தது. சர்வரில் ஏற்றிவிட்டு அக்காவுக்கு ‘முடிந்தது’ என்று செய்தி அனுப்பினேன். இரண்டு மணி நேரம்.

மறுநாள் காலை அக்காவிடமிருந்து மறுபடி. "ஏப்ரல் 30-ல சேர்ந்தவருக்கு எதுக்குத் தம்பி மே 31 காட்டுது? அவரு 30-க்குத்தானே கட்டணும்?"

கேள்வி நியாயம். ஏப்ரல் 30 மாதக் கடைசி நாள், ஆனால் அவர் சேர்ந்தது 30-இல். மாதக் கடைசியில் சேர வேண்டும் என்று அவர் நினைத்துச் சேரவில்லை. இன்னொரு பக்கம், ஜனவரி 30 மாதக் கடைசி நாள் அல்ல, எனவே அது பழைய பாதையிலேயே போய் மார்ச் 2-இல் விழுந்தது. புகார் செய்தவர் ஒருவர் 31-இல் சேர்ந்தவர் என்பதால் 31-ஐ மட்டும் குணப்படுத்தியிருக்கிறேன். நோயாளியைப் பார்த்தேன், நோயைப் பார்க்கவில்லை.

இரண்டாவது மாலை. மாதக் கூட்டலை பிஎச்பியிடமிருந்து பிடுங்கி டேட்டாபேஸிடம் கொடுத்தேன். தேதியுடன் நாளோ மாதமோ கூட்டித் தரும் மைஎஸ்கியூஎல்-இன் டேட்ஆட் ஃபங்ஷன் இந்த விஷயத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஜனவரி 31-உடன் ஒரு மாதம் என்றால் பிப்ரவரி 28. 2024 போன்ற லீப் வருடமானால் 29. வழிந்து அடுத்த மாதத்துக்குள் போகாது, மாதத்தின் கடைசி நாளிலேயே நின்றுகொள்ளும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸும் அப்படித்தான். ஜனவரி 29, 30, 31 மூன்றும் பிப்ரவரி 28-இல் நின்றன. ஏப்ரல் 30 மே 30-க்குப் போனது. அக்காவின் இரண்டு புகாரும் தீர்ந்தன.

இந்த முறை அவசரப்படாமல் ஒரு வருடத்துக்கு ஓட்டிப் பார்த்தேன். ஜனவரி 31-இல் சேர்ந்த ஒருவர் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுகிறார் என்று வைத்துக்கொண்டு தவணைகளைத் திரையில் அச்சடிக்கச் சொன்னேன்:

ஜனவரி 31
பிப்ரவரி 28
மார்ச் 28
ஏப்ரல் 28
மே 28

இந்த ஐந்து வரிகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். டேட்ஆட் தவறு செய்யவில்லை. பிப்ரவரி 28-உடன் ஒரு மாதம் கூட்டச் சொன்னால் மார்ச் 28-தான் வரும்; 31-இல் தொடங்கியது அதற்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு முறை கட்டணம் வரும்போதும் அட்டவணையின் ‘அடுத்த தவணை’ என்ற நெடுவரிசையில் இருந்த தேதியை எடுத்து, ஒரு மாதம் கூட்டி, அதே இடத்தில் மேலே எழுதிக்கொண்டிருந்தேன். பிப்ரவரியைக் கடந்த கணமே 31 என்ற தகவல் அழிந்துவிட்டது. பிறகு எந்த ஃபங்ஷனைக் கொண்டுவந்தாலும் அதை மீட்க முடியாது.

மாதக் கூட்டலில் ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் இரண்டு என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஜனவரி 31-உடன் ஒரே மூச்சில் இரண்டு மாதம் கூட்டினால் மார்ச் 31. ஒன்று ஒன்றாக இரு முறை கூட்டினால் மார்ச் 28. இதைப் பலமுறை எங்கேயோ படித்திருக்கிறேன். ஆனால் என் அட்டவணையிலேயே பார்க்கும்வரை மண்டைக்குள் இறங்கவில்லை.

ஆக, இரண்டு நாளாக நான் ஃபங்ஷனை மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்ற வேண்டியது சேமிக்கும் முறையை. சேர்ந்த தேதி அட்டவணையில் தனி நெடுவரிசையாக ஏற்கெனவே இருந்தது, யாரும் அதைக் கணக்குக்குப் பயன்படுத்தவில்லை, அவ்வளவுதான். அதற்கு ‘மூலத் தேதி’ என்று பெயரிட்டு, அதை யாரும் திருத்தக் கூடாது என்று வைத்தேன். பக்கத்தில் ‘கட்டிய மாதங்கள்’ என்று ஒரு எண். அடுத்த தவணை என்பது இனி சேமிக்கப்படும் தேதி அல்ல. மூலத் தேதியுடன் அந்த எண்ணிக்கையை ஒரே வீச்சில் கூட்டி எடுப்பது. மூன்று கட்டியிருந்தால் மூன்று மாதம், நான்கு கட்டியிருந்தால் நான்கு. ஜனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30, மே 31. பிப்ரவரியில் குனிந்து போய் மார்ச்சில் மறுபடி நிமிர்கிறது. மூன்று மணி நேரம்.

மூன்றாவது மாலையைத்தான் நான் வீணடித்தேன் என்று சொல்ல வேண்டும், அதுவும் நான்கு மணி நேரம். புதிய முறைக்கு ஒரு சோதனைத் தொகுப்பு எழுதினேன். சர்வரில் மைஎஸ்கியூஎல் ஓடினாலும், என் கணினியில் சோதனைகளை வேகமாக ஓட்ட எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் வைத்திருந்தேன். அதில் டேட்ஆட் கிடையாது. தேதி ஃபங்ஷனுக்குள்ளேயே ‘+1 மந்த்’ என்று மேற்கோளில் கொடுக்க வேண்டும். சரி என்று அதற்கு ஒரு கிளையை எழுதினேன். ஓட்டினால் ஜனவரி 31-க்கு மறுபடியும் மார்ச் 3! எண்ணிக்கையைக் கூட்டும் இடத்தில் பிழையோ என்று ஒன்றரை மணி நேரம் நான் எழுதியதையே குடைந்துகொண்டிருந்தேன். பிறகுதான் எஸ்கியூலைட்டின் கட்டளைச் சாளரத்தைத் திறந்து நேரடியாகக் கேட்டுப் பார்த்தேன். எஸ்கியூலைட் பிஎச்பியின் கட்சி. அதுவும் பிப்ரவரி 31-ஐ உருவாக்கி, மிச்சத்தை மார்ச்சில் கொட்டும். ஒரே கேள்வி, இரண்டு டேட்டாபேஸ், இரண்டு விடை. இரண்டும் தத்தம் ஆவணங்களின்படி சரி.

அன்றைக்கு எரிச்சலில் எடுத்த முடிவு ஒன்று நல்லதாகவே அமைந்தது. தேதிக் கூட்டல் என்பது வணிக விதி; அதை டேட்டாபேஸின் குணத்துக்கு விடக் கூடாது என்று பிஎச்பிக்கே திரும்பக் கொண்டுவந்தேன், ஆனால் இந்த முறை விதியை நானே எழுதினேன். மொத்தம் நான்கு வரி. மூலத் தேதியின் நாள் எண்ணைத் தனியே எடுத்து வைத்துக்கொள். வருடம் அப்படியே இருக்க, மாதத்தோடு எண்ணிக்கையைக் கூட்டி, நாளை 1 என்று வை. மாத எண் 12-ஐத் தாண்டினால், தேதியை வைக்கும் செட்டேட் ஃபங்ஷன் தானாகவே வருடத்தை நகர்த்திக்கொள்ளும். 1-ஆம் தேதி எல்லா மாதத்திலும் உண்டு, எனவே வழிய ஒன்றுமில்லை. இப்போது அந்த மாதத்தில் எத்தனை நாள் என்று கேள். டேட் ஃபார்மட்டிலேயே அதற்கு ஒரு குறி இருக்கிறது. எடுத்து வைத்த நாள், மாதத்தின் நாள் எண்ணிக்கை, இரண்டில் எது சிறியதோ அதை வை. முடிந்தது. கார்பன் என்ற பிஎச்பி நூலகத்தில் (தேதி வேலைகளுக்காகப் பிறர் எழுதி வைத்த கோட் தொகுப்பு) இதற்கே ‘ஆட்மந்த்ஸ்நோஓவர்ஃப்ளோ’ என்று ஒன்று இருக்கிறது; ஏற்கெனவே கார்பன் பயன்படுத்துபவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம். நான்கு வரிக்காக ஒரு நூலகத்தை உள்ளே இழுக்க எனக்கு மனம் வரவில்லை.

இதைச் செய்யும்போதே இன்னொரு பூதம் வெளியே வந்தது. நினைவூட்டல் தேதிக்காகத் தவணைத் தேதியிலிருந்து மூன்று நாள் கழிக்கும் வரி ஒன்று இருந்தது. சோதனையில் தவணை 28 என்று சேமிக்கப்பட வேண்டிய இடத்தில் 25 என்று விழுந்தது. பிஎச்பி தேதியை வைத்திருக்கும் டேட்டைம் என்ற பொருளில் கழித்தால் அந்தப் பொருளே மாறிவிடும். வேறு பெயரில் இன்னொரு வேரியபிளில் வாங்கி வைத்தாலும் இரண்டு பெயரும் ஒரே பொருளைத்தான் சுட்டும். நினைவூட்டலுக்காகக் கழித்த மூன்று நாள் தவணையிலும் கழிந்துவிட்டது. பழைய கோடில் சேமித்த பிறகே கழித்ததால் தப்பித்தேன். இப்போது வரிசையை மாற்றியதும் மாட்டிக்கொண்டேன். டேட்டைம்இம்யூட்டபிள் (வைத்த தேதி மாறாத வகை) என்று கிளாஸ் பெயரை மாற்றியது ஐந்து நிமிட வேலை. ஆனால் மாற்றியதும் எதிர்ப்பக்கப் பள்ளத்தில் விழுந்தேன்: இம்யூட்டபிளில் கூட்டலின் விடையைப் பிடித்து ஒரு வேரியபிளில் வைக்காவிட்டால் எதுவுமே நடக்காது. ஒரு இடத்தில் பிடிக்க மறந்திருந்தேன். தேதி நகரவே இல்லை. ஆனாலும் இந்தத் தவறு உடனே கண்ணில் படும், முந்தையது மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். எனவே இதுவே மேல்.

கழித்தல் என்றதும் மாத அறிக்கைப் பக்கத்துக்கும் போய்ப் பார்த்தேன். ‘போன மாத வசூல்’ என்ற தலைப்புக்கு ‘-1 மந்த்’ போட்டிருந்தேன். கணினியின் தேதியை மார்ச் 31 என்று பாவித்துத் திறந்தால், தலைப்பில் ‘போன மாதம்: மார்ச்’! பிப்ரவரி 31-க்குப் போக முயன்று, வழிந்து, மார்ச் 3-க்கே திரும்பி வந்திருக்கிறது. இரண்டு வருடமாக யாரும் 31-ஆம் தேதியில் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை போலிருக்கிறது, அல்லது திறந்து குழம்பிவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்கள். ‘ஃபர்ஸ்ட் டே ஆஃப் லாஸ்ட் மந்த்’ என்று மாற்றியதும் சரியானது.

நான்காவது மாலை பிரவுசர் பக்கம். சந்தாவைச் சில நாள் நீட்டித்துக் கொடுக்க அக்காவுக்கு ஒரு சின்னப் படிவம் இருக்கிறது. பெட்டியில் 7 என்று அடித்தால் புதிய தேதி கீழே தெரியும். அதைச் சோதிக்க ஜனவரி 5-ஐத் தேர்ந்தெடுத்து 7 என்று அடித்தேன். பிப்ரவரி 26 என்றது.

சிரித்துவிட்டேன். பெட்டியிலிருந்து வருவது எண் அல்ல, எழுத்து. 5-உடன் ‘7’ என்ற எழுத்தை ஜாவாஸ்கிரிப்ட் கூட்டினால் 12 ஆகாது, ஒட்டி 57 ஆகும். ஜனவரி 57-ஆம் தேதி என்று செட்டேட்டிடம் கொடுத்தால், அது முகம் சுளிக்காமல் 31-ஐக் கழித்து பிப்ரவரி 26 என்று சொல்லும். நம்பர் என்று ஒரு சொல்லைச் சுற்றிப் போட்டால் தீர்ந்தது. இதுவரை ஏன் யாரும் சொல்லவில்லை என்று அக்காவிடம் கேட்டேன். "அது தப்பா காட்டும்னு தெரியும் தம்பி, நான் காலண்டர்ல எண்ணித்தான் போடுவேன்" என்றார். இரண்டு வருடமாக!

மாதத்தின் நாள் எண்ணிக்கையை ஜாவாஸ்கிரிப்டில் எடுக்க ஒரு குறுக்குவழி உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்தது. நாளாக 0 கொடுத்தால் முந்தைய மாதத்தின் கடைசி நாள் கிடைக்கும். அதில் மாதங்கள் 0-இலிருந்து தொடங்குவதால் 2 என்பது மார்ச். 2025, 2, 0 என்று ஒரு தேதியை உருவாக்கினால் 2025 பிப்ரவரி 28. வழிந்தோடும் குணம்தான் இத்தனை தொல்லைக்கும் காரணம், அதே குணம் இங்கே வேலைக்காரனாக நிற்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் மாதத்தை மாற்றும் செட்மந்த்தும் பிஎச்பியைப் போலவே வழியும் என்பதால் அதே நான்கு வரி விதியை இங்கேயும் எழுதினேன். டெம்போரல் என்ற புதிய தேதி முறையில் வழிய விடுவது என்ற பேச்சே இல்லை. கடைசி நாளில் நிறுத்தவா, பிழை என்று மறுக்கவா என்று நாமே சொல்லலாம், சொல்லாவிட்டால் நிறுத்தும். எல்லாருடைய பிரவுசரிலும் அது வந்து சேரட்டும், இந்த நான்கு வரியைத் தூக்கிவிடுகிறேன்.

பிரவுசரில் இன்னொன்றும் இருந்தது. என் திரையில் மார்ச் 31 என்று தெரிந்த தவணை, வெளிநாட்டிலிருந்து பார்த்த ஓர் உறுப்பினருக்கு மார்ச் 30 என்று தெரிந்திருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டுக்கு 2025-03-31 என்று தேதியை மட்டும் கொடுத்தால் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். பின்னால் 00:00 என்று நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் உள்ளூர் நள்ளிரவு. நியூயார்க்கில் உட்கார்ந்திருப்பவருக்கு யூடிசியின் மார்ச் 31 நள்ளிரவு என்பது மார்ச் 30 இரவு 8 மணி. யூடிசிக்குக் கிழக்கே இருப்பவருக்கு இது கண்ணில் படாது. ஆனால் கிழக்கே இருப்பவருக்குத் தலைகீழான கண்ணி வைத்திருக்கிறது: உள்ளூர் நள்ளிரவை டூஐஎஸ்ஓஸ்டிரிங் வழியாக எழுத்தாக்கினால் யூடிசிக்கு மாறி ஒரு நாள் பின்னால் போய்விடும். படிக்கும்போது மேற்கே அடி, எழுதும்போது கிழக்கே அடி. தவணைக்கு நேரம் என்று ஒன்று தேவையே இல்லை என்பதால், வருடம், மாதம், நாள் என்று மூன்று எண்ணாகப் பிரித்து எடுத்து, மூன்று எண்ணாகவே திருப்பி அனுப்பும்படி மாற்றினேன். டேட்டாபேஸிலும் அந்த நெடுவரிசையை டேட்டைம் வகையிலிருந்து வெறும் டேட் வகைக்கு மாற்றினேன்.

நேர மண்டலம் என்று பேச்சு வந்ததால், சோதனையின்போது சர்வரின் மண்டலத்தையும் நியூயார்க் என்று மாற்றி ஓட்டிப் பார்த்தேன். என் கணினி இருக்கும் மண்டலத்தில் கோடை நேர மாற்றம் கிடையாது, எனவே நாள் என்றால் 86,400 விநாடி என்று எழுதிய ஒரு பழைய வரி இதுவரை பத்திரமாக உயிரோடு இருந்தது. நாள்வாரிப் பட்டியல் அச்சடிக்கும் சுழல் அது. நியூயார்க்கில் 2025 நவம்பர் 2 அன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அன்றைக்கு 25 மணி நேரம். நவம்பர் 2 நள்ளிரவுடன் 86,400 கூட்டினால் அன்றே இரவு 11 மணி. பட்டியலில் நவம்பர் 2 இரண்டு முறை வந்தது. ‘+1 டே’ என்று மாற்றினால் நாள்காட்டிப்படி நகரும், எத்தனை மணி நேரம் என்று கவலைப்படாது. 24 மணி நேரம் வேறு, ஒரு நாள் வேறு. போஸ்ட்கிரெஸ் இந்த விஷயத்தில் நேர்மையானது. இடைவெளியை மாதம், நாள், மைக்ரோவிநாடி என்று மூன்று தனித்தனிப் பெட்டியில் வைத்திருக்கும், ஒன்றை இன்னொன்றாகத் தானாக மாற்றாது. ஆனால் அதுவும், ஒரு மாதமும் 30 நாளும் சமமா என்று ஒப்பிடச் சொன்னால் ஆமாம் என்றுதான் சொல்லும்! ஒப்பிடுவதற்கு ஏதோ ஓர் எண் வேண்டுமே.

பிறகு பழுதான தரவு. அட்டவணையை முதலில் நகலெடுத்து வைத்தேன். தரவை மாற்றும் அப்டேட் கட்டளையில் கை வைக்கும் முன் பழைய தவணை, புதிய தவணை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு செலக்ட், அதாவது எதையும் மாற்றாமல் பார்க்க மட்டும். 29, 30, 31-இல் சேர்ந்தவர்கள் 17 பேர். அதில் 12 பேருடைய தேதி நகர்ந்திருந்தது. கட்டிய மாதங்களின் எண்ணிக்கையைக் கட்டண அட்டவணையிலிருந்து எண்ணி எடுத்தேன். ஒன்பது பேருக்கு அது தானாகவே சரியாக வந்தது. மூன்று பேர் நடுவில் திட்டம் மாற்றியவர்கள், அவர்களைக் கையால் திருத்தினேன். இந்த வேலையோடு நான்காம் மாலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது.

சோதனைப் பட்டியலில் இப்போது நிரந்தரமாக இருப்பவை: ஜனவரி 29, 30, 31 மூன்றும், லீப் வருடத்திலும் சாதா வருடத்திலும்; வருடம் தாண்டுகிறதா என்று பார்க்க டிசம்பர் 31-உடன் இரண்டு மாதம்; 2024 பிப்ரவரி 29-உடன் 12 மாதமும் 48 மாதமும்; கொழுப்பெடுத்துப் போட்ட ஒன்றாக 2096 பிப்ரவரி 29-உடன் 48 மாதம். 2100 லீப் வருடம் அல்ல, 28 வர வேண்டும், வருகிறது.

அந்த 2024 பிப்ரவரி 29-க்கு நிஜமாகவே ஓர் ஆள் இருந்தார், வருடச் சந்தா. பழைய கோடில் ‘+1 இயர்’ அவரை மார்ச் 1-க்குக் கொண்டுபோயிருந்தது. மைஎஸ்கியூஎல் பிப்ரவரி 28 என்றது. எது சரி என்று கணினியிடம் கேட்பதில் அர்த்தமில்லை என்று அதற்குள் புரிந்துவிட்டதால், அக்காவிடமே கேட்டேன்.

"பிப்ரவரிக்குள்ளயே வெச்சிக்க தம்பி. மார்ச்சுக்குப் போனா அந்த மாசக் கணக்குல விழும், எனக்குத்தான் தலைவலி."

28 என்று வைத்தாயிற்று. மூலத் தேதி அழியாததால் 2028-இல் தானாக 29-க்குத் திரும்பிவிடுவார்.

அடுத்த முறை முதல் நாளிலேயே செய்யப் போவது ஒன்று உண்டு. ‘இன்று’ என்பதை எந்த ஃபங்ஷனும் உள்ளிருந்தபடி கடிகாரத்திடம் கேட்கக் கூடாது. வெளியிலிருந்து ஒரு மதிப்பாகக் கொடுக்க வேண்டும். அது இல்லாததால் ஒவ்வொரு முறையும் கணினியின் தேதியையே மாற்றி மாற்றிச் சோதித்தேன். ஒரு தடவை திரும்ப மாற்ற மறந்துபோய், மறுநாள் எந்த வலைத்தளமும் திறக்காமல், பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி என்று பிரவுசர் திட்டியது. அரை மணி நேரம் இணைய இணைப்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அரை மணி 11-இல் சேரவில்லை.

தீராதது ஒன்று மிச்சம் இருக்கிறது: இடைநிறுத்தம். ஒருவர் சந்தாவைப் பத்து நாள் நிறுத்தி வைத்தால், ஜனவரி 31 என்ற மூலத் தேதியைப் பிப்ரவரி 10-க்கு நகர்த்துவதா, அல்லது மூலத் தேதியை அப்படியே விட்டு, வரும் விடையில் பத்து நாளைக் கூட்டுவதா? முதல் வழியில் அவர் இனி எப்போதும் 10-ஆம் தேதிக்காரர். இரண்டாவது வழியில் பிப்ரவரி 28-உடன் பத்து என்றால் மார்ச் 10, மார்ச் 31-உடன் பத்து என்றால் ஏப்ரல் 10, ஏப்ரல் 30-உடன் பத்து என்றால் மே 10. 31-இல் சேர்ந்தவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிகிறது. 29-இல் சேர்ந்தவருக்கு ஓட்டிப் பார்த்தால் மார்ச் 10, ஏப்ரல் 8, மே 9 என்று ஆடுகிறது. அக்கா இன்னும் முடிவு சொல்லவில்லை. அதுவரை அந்தப் பொத்தானை மறைத்து வைத்திருக்கிறேன். நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்பவர்களுக்கு அவர் காலண்டரில்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்.